காலையில் தொழுவம், மாலையில் சவாரி: பொள்ளாச்சி தாண்டி பாலக்காட்டுக் கிராமங்களில் ஒரு நாள்

கோயம்புத்தூர், திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கேரள எல்லை தாண்டி வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நாள் வீணாகிறது. பதினொரு மணிக்கு வந்து இறங்குவார்கள். மாடு படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும், ஆடு மேய்ச்சலுக்குப் போயிருக்கும், வண்டிக்காரர் காளைகளை அவிழ்த்து நிழலில் கட்டியிருப்பார். சவாரிக்குக் கிளம்பினால் உச்சி வெயில். இதற்கு நடுவில் வாடகை வேனுக்குப் பெர்மிட் இல்லை என்று எல்லையில் ஒரு மணி நேரம் போயிருக்கும்.

இந்தப் பக்கம் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, முதலமடை, கொல்லங்கோடு என்று வயலும் தொழுவமும் தென்னந்தோப்பும் சேர்ந்தே கிடக்கின்றன. பார்க்க இடமில்லை என்ற பேச்சே இல்லை. நேரக் கணக்கும் காகிதமும்தான் ஆளைக் கவிழ்க்கின்றன. அவை இரண்டையும் முன்வைத்து எழுதியது இது.

1. எந்த மாதம் வருவது

ஜூலை கடைசி முதல் ஆகஸ்ட் வரையும், நவம்பர் முதல் ஜனவரி வரையும் வயல் பச்சையாக இருக்கும். முதலாவது விரிப்பு, அதாவது ஒன்றாம் போகம். மற்றது முண்டகன், அதாவது இரண்டாம் போகம். இரண்டில் நவம்பர் முதல் ஜனவரி வரைதான் சிறுபிள்ளைகளுக்கு நல்லது. ஜூலையில் மழை பிடித்துக்கொண்டால் தொழுவம் முழுக்கச் சேறும் ஈயும்தான்.

டிசம்பர், ஜனவரியில் ஒரு சிக்கல் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று சுழற்றி அடிக்கும். காற்று பலத்தால் பூங்காக்களில் கம்பியில் தொங்கிப் போகும் சவாரி (ஜிப்லைன்), உயரக் கம்பியில் ஓட்டும் சைக்கிள் போன்றவற்றை நிறுத்திவிடுவார்கள். அன்று காலையில் போன் போட்டுக் கேட்காமல் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

மார்ச் முதல் மே வரை வரவேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். பாலக்காட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும் மாதங்கள் அவை. முதலமடை மாம்பழத்துக்காக வந்தே ஆகவேண்டும் என்றால் காலை பத்தரையோடு எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

அறுவடை முடிந்த வயலுக்கு வந்தால் இன்னொன்று கிடைக்கும். உதிர்ந்த நெல் பொறுக்க வாத்துக்கூட்டத்தை ஓட்டி வருவார்கள். ஒரே ஆள் ஒரு கழியை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான வாத்துகளை வரப்பு தாண்ட வைப்பதைப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. கூட்டத்துக்குள் ஓடாமல் இருந்தால் போதும். மிரண்ட வாத்துகள் பக்கத்து வயலுக்குள் போய்விட்டால் அந்த ஆளுக்கு அரை நாள் வேலை.

2. வழியைத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வழி சொல்கிறோம். ஒன்றை மட்டும் எடுங்கள்.

முதல் வழி: பொள்ளாச்சி, மீனாட்சிபுரம் அல்லது கோவிந்தாபுரம், முதலமடை, கொல்லங்கோடு, நென்மாறை, போத்துண்டி. காலையில் முதலமடை, கொல்லங்கோடு பகுதியில் தொழுவமும் மாட்டுவண்டியும். மாலையில் போத்துண்டி அணைப் பூங்காவில் சவாரிகள். நென்மாறையிலிருந்து போத்துண்டி 9 கிலோமீட்டர்தான்.

இரண்டாவது வழி: பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், அல்லது கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம்; பிறகு கொழிஞ்சாம்பாறை, சித்தூர், பாலக்காடு, மலம்புழா. காலையில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பகுதிப் பண்ணை. மாலையில் மலம்புழா அணைத் தோட்டம், ரோப்வே, படகு. இந்த வழியில் காலைச் சாப்பாட்டுக்கு எலப்புள்ளி அருகே ராமசேரி இட்லி கிடைக்கும். மண்சட்டியின் வாயில் கயிறு பின்னி, துணி விரித்து வேகவைக்கிற தட்டை இட்லி. காலையிலேயே போய்விட வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று: நெல்லியாம்பதியையும் அதே நாளில் சேர்க்காதீர்கள். போத்துண்டி வரை வந்துவிட்டோம், மேலே ஒரு எட்டு பார்த்துவிடலாம் என்று தோன்றும். பத்துக் கொண்டை ஊசி வளைவு, காலையில் பால் குடித்த பிள்ளைகள், மாலைக்குள் கீழே இறங்கியாக வேண்டிய வனத்துறைக் கெடு. ஜீப் சவாரி வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு நாள் வாருங்கள். பரம்பிக்குளமும் அப்படித்தான். அது கேரளத்தில் இருந்தாலும் சாலை நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான் போகிறது. கொல்லங்கோட்டிலிருந்து குறுக்கு வழி இருக்கும் என்று வரைபடத்தைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

பஸ்ஸில் வருகிறவர்களுக்கு: பொள்ளாச்சியிலிருந்து கொழிஞ்சாம்பாறை வழி பாலக்காட்டுக்கும், கொல்லங்கோடு வழி திருச்சூருக்கும் பஸ் உண்டு. பண்ணை வரை போக உள்ளூர் ஆட்டோவை முந்தின நாளே பேசி வைக்க வேண்டும்.

3. வண்டிக் காகிதம்: முந்தின நாளே முடியுங்கள்

சொந்தக் கார், சொந்தக் குடும்பம் என்றால் கவலையில்லை. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, ஓட்டுநர் உரிமம் நான்கும் எம்பரிவாகன் அல்லது டிஜிலாக்கர் செயலியில் இருந்தாலே செல்லும். புகைச் சான்றின் தேதியை மட்டும் பாருங்கள். மற்ற மூன்றையும் நினைவில் வைத்திருப்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

வாடகை வண்டியில்தான் வினை. மூன்று பொறிகள்.

ஒன்று, தெரிந்தவரின் வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது. ஆயிரம் ரூபாய் மிச்சமாகும். ஆனால் காசு வாங்கிக்கொண்டு ஓட்டுவது தெரிந்தால் வண்டியைப் பிடித்து வைப்பார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கும். மஞ்சள் போர்டு வண்டியாகவே எடுங்கள்.

இரண்டு, தமிழ்நாட்டு பெர்மிட் மட்டும் உள்ள மஞ்சள் போர்டு வண்டி. கேரளத்துக்குள் நுழைய அதற்குச் சிறப்பு பெர்மிட்டும் கேரள வரியும் வேண்டும். இரண்டுமே பரிவாகன் தளத்தில் ஆன்லைனில் எடுக்கக்கூடியவை. ‘பார்டர்ல கட்டிக்கலாம் சார்’ என்று டிரைவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முந்தின நாள் இரவுக்குள் பெர்மிட், வரி ரசீது இரண்டின் படமும் உங்கள் வாட்ஸப்புக்கு வரவேண்டும் என்று அட்வான்ஸ் கொடுக்கும்போதே சொல்லுங்கள். அகில இந்திய சுற்றுலா பெர்மிட் உள்ள வண்டியாக இருந்தாலும் கேரளத்துக்கு இப்போது வேறு வரி கட்ட வேண்டியிருக்கிறதா என்பதை உரிமையாளரிடமே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வரி வாடகைக்குள் அடங்குமா, தனியா என்பதையும் அப்போதே பேசுங்கள். திரும்பி வந்தபின் வருகிற சண்டையில் பாதி இதற்காகத்தான்.

மூன்று, தலைக்கணக்கு. மேக்சி கேப் என்றால் டிரைவரைத் தவிர 12 பேர், அதோடு சரி. ‘சின்னப் பசங்கதானே, மடியில உக்காரட்டும்’ என்று 16 பேரை ஏற்றினால் அபராதம் உங்கள் பையிலிருந்துதான் போகும். பயணிகளின் பெயர், வயதுப் பட்டியலை ஒரு தாளில் எழுதி இரண்டு பிரதி வைத்திருங்கள். சிறப்பு பெர்மிட்டோடு அதையும் கேட்பார்கள்.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். பெட்ரோல், டீசல் இரண்டுமே கேரளத்தில் லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல். பொள்ளாச்சியிலேயே நிரப்பிவிடுங்கள். வாளையார் நெடுஞ்சாலையில் வந்தால் பாம்பாம்பள்ளத்தில் சுங்கச்சாவடி உண்டு, பாஸ்டேகில் பணம் வேண்டும். வேலந்தாவளம், கோபாலபுரம் வழிகளில் அந்தச் செலவு இல்லை.

4. பண்ணையிடம் போனில் கேட்க வேண்டியவை

விளம்பரப் பலகை வைத்த பண்ணையானாலும், பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் சாதாரண விவசாயியின் வீடானாலும் இதே கேள்விகள்தான். மொழிக்குப் பயப்பட வேண்டாம். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய. கொழிஞ்சாம்பாறையில் தமிழ்வழிப் பள்ளிக்கூடமே உண்டு. நென்மாறை தாண்டினால் மலையாளம் கொஞ்சம் தேவைப்படும். அங்கே தொழுவத்தை ‘தொழுத்து’ என்பார்கள், மாட்டுவண்டி ‘காளவண்டி’. இது போதும்.

கேட்க வேண்டியவை:

காலைக் கறவை எத்தனை மணிக்கு? சொசைட்டிக்குப் பால் போகிற நேரத்தை ஒட்டித்தான் கறவை. சில இடத்தில் ஆறு மணிக்கே முடிந்துவிடும். அப்படியானால் பிற்பகல் கறவைக்கு வருவதாகத் திட்டத்தைத் தலைகீழாக மாற்றுங்கள். பிற்பகல் கறவை பெரும்பாலும் இரண்டரைக்கும் நாலுக்கும் நடுவில்.

மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி போட்டாயிற்றா? இந்த வாரம் எந்த மாட்டுக்காவது வாயில் நுரை, குளம்பில் புண் உண்டா? இருந்தால் தேதியை மாற்றுங்கள். உங்கள் செருப்பில் ஒட்டிய சேற்றிலேயே அது அடுத்த தொழுவத்துக்குப் போகும். மாட்டின் காதில் 12 இலக்க எண் போட்ட மஞ்சள் தோடு இருந்தால் அரசுப் பதிவில் உள்ள மாடு. தடுப்பூசிக் கணக்கும் அதன் பெயரில் இருக்கும்.

வளர்ப்பு நாய்க்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருக்கிறதா? நாங்கள் வரும்போது கட்டி வைப்பீர்களா?

குழாய்த் தண்ணீரும் சோப்பும் தொழுவத்துக்குப் பக்கத்தில் உண்டா? கழிப்பறை?

கட்டணம் ஆளுக்கா, குழுவுக்கா? மாட்டுவண்டி அதில் சேருமா? எத்தனை நிமிடம்? பதிலை வாட்ஸப்பில் எழுதி வாங்குங்கள். ‘ஆளுக்கு இவ்வளவு’ என்று சொல்லிவிட்டு, வந்தபின் கைக்குழந்தைக்கும் டிக்கெட் கேட்கிற இடங்கள் உண்டு.

5. நேரக் கணக்கு

இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பொள்ளாச்சியில் 6 மணிக்குக் கிளம்பினால் 7 முதல் 7.15-க்குள் பண்ணை. கறவையின் கடைசிப் பகுதி, ஆட்டுக்குத் தழை, கோழி திறந்துவிடுதல் எல்லாம் 9 மணிக்குள். 9 முதல் 10.15 வரை மாட்டுவண்டி. பத்தரைக்குப் பிறகு விலங்குகளை விட்டுவிடுங்கள். 10.30 முதல் 3 வரை நிழல், குளியல், சாப்பாடு, ஒரு தூக்கம். 3.30 முதல் 5.30 வரை போத்துண்டியிலோ மலம்புழாவிலோ சவாரி. 6 மணிக்குத் திரும்பினால் ஏழரைக்குப் பொள்ளாச்சி.

நடுவில் அந்த நாலரை மணி நேரம் நீளமாகத் தெரியும். அதைக் குறைத்து இன்னொரு இடத்தைச் செருகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். செருகினால் மாலைச் சவாரியில் பிள்ளைகள் அழுவார்கள்.

மாட்டுக்கும் அதே நேரக் கணக்குதான், அதில் சட்டமும் உண்டு. இழுவை, பொதி விலங்குகளுக்கான 1965-ம் ஆண்டு வதைத் தடுப்பு விதிகள்படி வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி பூட்டக்கூடாது. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரம், ஓய்வில்லாமல் ஒரே மூச்சில் 5 மணி நேரம், இவையும் உச்சவரம்பு. காசு கூடக் கொடுக்கிறோம் என்று ஒரு மணிக்கு வண்டி பூட்டச் சொல்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

6. தொழுவத்துக்குள்

மாட்டைப் பின்னாலிருந்து நெருங்காதீர்கள். தோள்பக்கமாக, மாட்டுக்குத் தெரியும்படி, ஏதாவது பேசிக்கொண்டே போங்கள். மாடு காலைப் பக்கவாட்டில் வீசி உதைக்கும். குதிரை நேர்பின்னால் உதைக்கும். அதனால் மாட்டின் விலாவுக்குப் பின்பக்கமும், குதிரையின் வாலுக்கு நேர்பின்னும் பிள்ளைகளை நிறுத்தக்கூடாது. புதிதாகக் கன்று ஈன்ற பசு எவ்வளவு சாதுவானாலும் கன்றின் பக்கம் போகாதீர்கள்.

கறந்து பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை முதலில் விடாதீர்கள். புது ஆள், கூச்சல், மொபைல் வெளிச்சம் எல்லாம் சேர்ந்தால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மடியைக் கழுவித் தடவியபின் பால் இறங்கி நிற்பது ஏழெட்டு நிமிடம்தான். அந்த நேரத்தைப் பிள்ளைகள் தின்றுவிட்டால் விவசாயிக்கு அன்றைக்குப் பால் குறையும், மிச்சப் பால் மடியில் தங்கினால் மடிவீக்கத்துக்கும் வழி. அவர் கறந்து முடிக்கட்டும். கடைசியில் காம்பில் மிஞ்சும் பாலைப் பிள்ளைகள் கறக்கட்டும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேல்முனையை மோதிரம் போல் அடைக்க வேண்டும். பிறகு நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று வரிசையாக மூட வேண்டும். கீழே இழுக்கக்கூடாது. பிள்ளைகள் எல்லோரும் முதலில் இழுக்கத்தான் செய்வார்கள். முதல் பீய்ச்சு பாத்திரத்தில் விழுந்து ‘சொர்’ என்று சத்தம் வந்ததும் கை தானாகப் பழகிவிடும்.

பச்சைப் பாலைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். ‘நுரையோடு குடித்தால் உடம்புக்கு நல்லது’ என்று பெரியவர் யாராவது தம்ளரை நீட்டுவார். பண்ணை அடுப்பிலேயே காய்ச்சித் தரச் சொல்லுங்கள். கர்ப்பிணிகள் ஆடு, மாடு குட்டி ஈன்ற கொட்டகைக்குள் போகவே வேண்டாம். நஞ்சுக்கொடியிலிருந்தும் ஈற்று நீரிலிருந்தும் தொற்று வரும்.

தீனி விஷயத்தில் நல்ல எண்ணம்தான் கெடுதி செய்கிறது. மிச்ச இட்லி, சோறு, பாயசம், பலாச்சுளை இவற்றை ஆட்டுக்கும் மாட்டுக்கும் அள்ளிக் கொடுப்பார்கள். மாவுச்சத்து திடீரென்று கூடினால் இரைப்பையில் அமிலம் ஏறி வயிறு உப்பி மாடே செத்துப்போகும். பண்டிகைக்கு மறுநாள் கால்நடை மருத்துவர்களுக்கு இதே வேலைதான். மரவள்ளித் தழையும் ஆகாது. பண்ணைக்காரர் தருகிற அகத்தி, சீமைக்கொன்னை, நேப்பியர் புல்லை மட்டும் கொடுங்கள். கையை விரித்து உள்ளங்கையில் வைத்துக் கொடுங்கள். விரலால் பிடித்துக் கொடுத்தால் விரலும் உள்ளே போகும். ஆட்டுத் தழையைப் பையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்தால் பை உங்களுடையதல்ல.

வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவல். சானிடைசர் சாணி ஒட்டிய கைக்கு வேலை செய்யாது. கைகழுவும் முன் தின்பண்டப் பொட்டலத்தைப் பிரிக்க விடாதீர்கள்.

நாய் கடித்தாலோ கீறினாலோ அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்துக்கொண்டு. மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனையில் முதல் ஊசி. பிறகு 3, 7, 28-ம் நாள். மிச்ச ஊசிகளை ஊருக்குத் திரும்பி நம் பக்கத்து அரசு மருத்துவமனையில் போட்டுக்கொள்ளலாம், அட்டையைத் தொலைக்காமல் இருந்தால். ஆம்புலன்ஸ் எண் இரண்டு மாநிலத்திலும் 108.

7. மாட்டுவண்டி ஏறுவதும் இறங்குவதும்

விபத்து நடப்பதெல்லாம் இங்கேதான். வண்டி ஓடும்போது நடப்பது குறைவு. ஏறும்போதும் இறங்கும்போதும் நடப்பதே அதிகம்.

இரண்டு சக்கர வண்டி ஒரு தராசு. அச்சு நடுவில், முன்பக்கம் நுகத்தடி, பின்பக்கம் நீங்கள். எல்லோரும் பின்னால் போய் உட்கார்ந்தால் ஏர்க்கால் (அச்சிலிருந்து நுகத்தடி வரை போகும் நீள மரம்) மேலே எழும்பும், காளையை நுகத்தடியோடு பிணைக்கும் பூட்டாங்கயிறு அதன் தொண்டையை இறுக்கும். எல்லோரும் முன்னால் நெருக்கினால் பாரம் முழுக்கக் கழுத்தில் இறங்கும். அச்சுக்குச் சற்று முன்னால் கனமான ஆட்கள், பிள்ளைகள் நடுவில். வண்டிக்காரர் ஏர்க்காலைக் கையால் லேசாகத் தூக்கிப் பார்ப்பார். எளிதாக எழும்பினாலும் நுகத்தடி கழுத்தில் படிந்தே நின்றால் சரி.

ஏறும் முன் வண்டிக்காரர் முன்னால் கயிற்றைப் பிடித்து நிற்கிறாரா என்று பாருங்கள். இறங்கும்போது பின்னால் இருப்பவர் முதலில், முன்னால் இருப்பவர் கடைசியில். மாற்றி இறங்கினால் வண்டி பின்பக்கமாகக் குடைசாயும்.

மேலே சொன்ன விதிகள்படி வண்டியோட்டியையும் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் சேர்க்காமல் நான்கு பேர்தான். பன்னிரண்டு பேர் என்றால் மூன்று நடை. அதனால்தான் ஒண்ணேகால் மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். கட்டணத்தை ‘நடைக்கு இவ்வளவு’ என்று பேசுங்கள். ஆளுக்கு என்று பேசினால் ஏற்றக்கூடாத ஆளையும் ஏற்றத்தான் தோன்றும்.

காளையையும் ஒரு பார்வை பாருங்கள். நுகத்தடி படும் இடத்தில் புண் இருந்தால், ஒரு காலைச் சாய்த்து நின்றால், மூக்கணாங்கயிற்றில் ரத்தம் தெரிந்தால் ஏறாதீர்கள். சக்கரம் கழலாமல் அச்சு முனையில் செருகும் கடையாணி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். துப்பட்டா, புடவைத் தலைப்பு, பிள்ளையின் கால் எதுவும் சக்கரப் பக்கம் தொங்கக்கூடாது.

ரேக்ளா வண்டியைக் கண்டு அதில் ஏற வேண்டும் என்று அடம்பிடிக்கும் பையன் ஒருவன் எல்லாக் குழுவிலும் இருப்பான். பந்தயக் காளைக்கு நிதான நடை தெரியாது. படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

8. குதிரை, டிராக்டர், தண்ணீர்

மட்டக்குதிரைக்கு அதே விதிகளில் பொதி வரம்பு 70 கிலோ. அதை ஆளுக்கும் வரம்பாக வைத்துக்கொள்ளுங்கள். எண்பது கிலோ மாமாவை ஏற்ற வேண்டாம். இடப்பக்கமிருந்து ஏறுங்கள். வயிற்று வாரைக் கட்டும்போது குதிரை மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொள்ளும். பத்தடி நடந்தபின் வார் தளர்ந்து சேணம் சரியும். பத்தடிக்குப் பின் நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள். அங்கவடியில் (சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையம்) பாதத்தின் முன்பகுதி மட்டும் இருக்கட்டும், குதிகால் வரை நுழைத்தால் விழும்போது கால் மாட்டிக்கொள்ளும். கயிற்றை மணிக்கட்டில் சுற்றாதீர்கள்.

டிராக்டர் டிரெய்லர் சவாரி பண்ணைக்குள் மட்டும். பொதுச் சாலையில் ஆளேற்றுவது சட்டப்படி தப்பு, இன்சூரன்ஸும் கிடைக்காது. மட்கார்டில் யாரும் உட்காரவே கூடாது.

ஆற்றுக்கு வருவோம். சித்தூர்ப்புழை முழங்கால் அளவுக்கு ஓடும், பாறைகள் தெரியும், பிள்ளைகள் இறங்க ஏற்றது போல் இருக்கும். இந்த ஆற்றில் தண்ணீர் ஏற இங்கே மழை பெய்ய வேண்டியதில்லை. தமிழ்நாடும் கேரளமும் செய்துகொண்ட பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் இந்த ஆற்றுக்கு வரவேண்டும். அதைத் திறக்கும்போதும், மேலே மழை பெய்து மூலத்தறை ரெகுலேட்டரின் (தடுப்பணை) ஷட்டரை உயர்த்தும்போதும், வெயில் காய்ந்துகொண்டிருக்கையிலேயே ஆறு பெருகும். 2024 ஜூலையில் குளிக்க இறங்கிய நான்கு பேர் நடு ஆற்றுப் பாறையில் மாட்டிக்கொள்ள, தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி மீட்டார்கள். நடு ஆற்றுப் பாறைக்குப் போகாதீர்கள். குளியல் வேண்டுமானால் பண்ணையின் பம்புசெட் தொட்டியே மேல். மோட்டார் ஓடும்போது ஒயர், ஸ்விட்ச் பக்கம் ஈரக்கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படகு, பரிசல் எதுவானாலும் லைஃப் ஜாக்கெட்டின் மூன்று கொக்கியும் மாட்டிய பிறகுதான்.

போத்துண்டி, மலம்புழாச் சவாரிகளுக்குக் கவுண்டரில் உயரம், எடை வரம்பு எழுதியிருப்பார்கள். டிக்கெட் வாங்கும் முன் படியுங்கள். வாங்கியபின் பணம் திரும்பி வராது. பராமரிப்பு என்று மூடும் நாளும் உண்டு. ஷூ போட்டு வாருங்கள், ரப்பர் செருப்போடு ஏற்றமாட்டார்கள்.

9. பணம்

சொந்தக் கார், நான்கு பேர் என்றால் பொள்ளாச்சியிலிருந்து போய்வர 120 முதல் 130 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 என்று வைத்தால் ஒன்பது லிட்டர் பெட்ரோல். வேன் என்றால் வாடகையோடு கேரள வரி, பெர்மிட் கட்டணம், டிரைவர் பேட்டா, அவர் சாப்பாடு நான்கையும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள்.

பண்ணைக்கும் வண்டிக்குமாகத் தலைக்கு 300 ரூபாய், மாலைச் சவாரிக்கும் நுழைவுக்கும் 300, சாப்பாட்டுக்கு 200 என்று ஒதுக்கி வந்தால் கை கடிக்காது. பூங்காக்களில் பார்க்கிங், கேமராவுக்குத் தனிக் கட்டணம் இருக்கும். எதிர்பாராததற்கு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. ஜிபே எல்லா இடத்திலும் உண்டு, ஆனால் தோப்புக்குள் டவர் போய்விடும். வண்டிக்காரருக்குக் கொடுக்க ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாகக் கொஞ்சம் வைத்திருங்கள்.

10. திரும்பும்போது

குஞ்சு, முயல், ஆட்டுக்குட்டி எதையும் வாங்கிக் காரில் போடாதீர்கள். கேரளத்தில் பறவைக்காய்ச்சல் வந்துவிட்டால் எல்லையில் கோழி, வாத்து, முட்டை வண்டிகளைத் திருப்பி அனுப்புவார்கள், டயருக்கு மருந்து அடிப்பார்கள். பிள்ளை மடியில் குஞ்சோடு உட்கார்ந்திருக்கும்போது அந்தக் காட்சி வேண்டாம்.

கள் இன்னொன்று. சித்தூர்ப் பக்கம் அரசு உரிமத்தோடு கள்ளுக்கடை நடக்கிறது. தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. ஒரு பாட்டில்தானே என்று டிக்கியில் வைத்தால் மதுவிலக்கு வழக்கு. வெயிலில் புளித்துப் பாட்டில் மூடியைத் தெறிக்கவிட்டு, சோதனைக்கு முன்பே அது தன்னைக் காட்டிக்கொடுத்த கதைகளும் உண்டு.

பிளாஸ்டிக் பாட்டில், தட்டு, கவர் எதையும் தோப்பில் விட்டுவிட்டு வராதீர்கள். எவர்சில்வர் குடமும் ஆளுக்கொரு தம்ளரும் கொண்டுவந்தால் இந்தப் பேச்சே எழாது.

வீட்டுக்குப் போனதும் செருப்பு, ஷூ அடிப்பாகத்தை வாசலிலேயே சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி வெயிலில் வையுங்கள். வீட்டில் மாடோ ஆடோ இருந்தால் குளித்து உடை மாற்றும் வரை தொழுவத்துப் பக்கம் போகாதீர்கள். பிள்ளைகளின் காதுக்குப் பின்னாலும் அக்குளிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் சிமிட்டாவால் (சின்ன இடுக்கி) தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெயும் தீக்குச்சியும் வேண்டாம்.